நகல் எடுத்தாயிற்று, திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: எங்களுடையது சிறிய பதிப்பகம். பன்னிரண்டு வருடங்களாக இணையத்தில் புத்தகம் விற்கிறோம். வாடிக்கையாளர் முகவரி, ஆர்டர்கள், அட்டைப்படங்கள், புத்தக விவரங்கள் எல்லாம் ஒரே சர்வரில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன. சர்வர் பழசாகிவிட்டது, சீக்கிரம் காலி செய்யுங்கள் என்கிறார் ஹோஸ்டிங்காரர். தளத்தைக் கட்டித் தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். சோதனைக்காகக் கொஞ்சம் டேட்டாவைப் புது சர்வரில் ஏற்றிப் பார்த்தேன். தமிழ் முழுக்கக் கிறுக்கலாக வருகிறது. ஒரு ஆர்டர்கூட, ஓர் எழுத்துகூடப் போகாமல் மாற்ற வழி உண்டா? ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முன் முடித்தாக வேண்டும்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தக் கிறுக்கல். அது அழிவு இல்லை, பயப்படாதீர்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, இதுதானே வரி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது? யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே இரண்டில் ஒன்று. இந்த பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று நினைத்துக்கொண்டு படிக்கும் மென்பொருளுக்கு முதல் பைட் சாய்கோட்டு ஏ-வாகவும், இரண்டாவது பெரும்பாலும் வட்டத்து ஆர்-ஆகவும் தெரியும்.

பழைய சர்வரில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? 2018-இல் 8.0 வரும்வரை, நாமாக மாற்றாவிட்டால் மைஎஸ்கியூஎல் டேபிள்கள் லத்தீன்-1 என்றே உருவாகும். உங்கள் தளத்தின் பழைய பிஎச்பி நிரலும் லத்தீன்-1 என்று சொல்லியே தமிழை உள்ளே அனுப்பியிருக்கும், அப்படியே வெளியே வாங்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் பன்னிரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் டம்ப், அதாவது டேட்டாபேஸைக் கோப்பாக இறக்கிய நகல், எடுத்தபோது அதை எடுத்த கருவி அந்தப் பொய்யை உண்மையென நம்பி, ஒவ்வொரு லத்தீன் எழுத்தையும் இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டது.

மருந்து சுலபம். டம்ப் எடுக்கும்போதே எழுத்துமுறை லத்தீன்-1 என்று சொல்லி எடுங்கள். எந்த மாற்றமும் நடக்காமல் அசல் தமிழ் பைட்டுகள் கோப்பில் இறங்கும். பிறகு கோப்புக்குள் டேபிள் அறிவிப்புகளிலும், எழுத்துமுறையைக் குறிக்கும் தலைப்பு வரியிலும் லத்தீன்-1 இருக்கும் இடத்தை ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று மாற்றி ஏற்றுங்கள். வெறும் ‘யூடிஎஃப்8’ போதாது. மைஎஸ்கியூஎல்லில் அந்தப் பெயர் காலங்காலமாக மூன்று பைட் வரைக்கும்தான். தமிழ் அதில் அடங்கிவிடும், வாடிக்கையாளர் போடும் எமோஜி அடங்காது.

இந்த வேலைக்கு அந்தக் கோப்பை விண்டோஸில் ஏதோ ஒரு எடிட்டரில் திறந்து ‘சேவ்’ கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட் சரியாக அந்தக் காலி இடங்களில்தான் விழுகிறது. சில கருவிகள் அங்கே கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போய்விடும். மற்ற எழுத்தெல்லாம் மீண்டுவிட்டாலும் இவை மீளாது. புள்ளியில்லாத ஓலைச்சுவடியையே படித்தவர்கள் நம் முன்னோர். அந்தத் திறமையைக் கொரியர்காரரிடம் எதிர்பார்க்க முடியாது. கட்டளை வரியிலேயே மாற்றுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். டேட்டா தொலைவது நகலெடுக்கும்போது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது தொலைவது இரண்டு இடத்தில்: நகலைத் திறந்து பார்க்காததில், பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஆர்டர் வாங்குவதில்.

முதலாவதற்கு கிட்லாப் கதையைவிட நல்ல பாடம் இல்லை. உலகம் முழுக்க நிரலாளர்கள் தங்கள் நிரலை வைத்திருக்கும் நிறுவனம் அது. 2017 ஜனவரி 31 இரவு, துணைச் சர்வரில் இருக்கும் டேட்டா கோப்புறையை அழிப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மைச் சர்வரில் இருந்ததை அழித்துவிட்டார் ஒரு பொறியாளர். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், சேமிப்பகம் காலி. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, டம்ப் எடுத்த கருவியின் பதிப்பு 9.2. இரண்டும் பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் ஏற்காமல் தள்ளியிருந்தது. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவானது போனது போனதுதான். அவர்கள் இதை மூடி மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பெரிய நிறுவனங்களில் அது அபூர்வம்.

ஆகவே டம்ப் கோப்பு கைக்கு வந்ததும் முதலில் அதன் கடைசி வரியைப் பாருங்கள். முழுதாக முடிந்திருந்தால் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு இருக்கும். உலாவி வழியாக பிஎச்பிமைஅட்மினில் எடுத்த கோப்பென்றால் நேர வரம்பு முட்டிப் பாதியில் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. அதனால் டம்பை சர்வரிலேயே கட்டளை கொடுத்து எடுப்பது நல்லது. பிறகு புது சர்வரில் முழுவதையும் ஏற்றி, டேபிள் வாரியாக வரிசைகளை எண்ணி ஒப்பிடுங்கள். பிஎச்பிமைஅட்மின் பட்டியலில் எண்ணுக்கு முன் ஓர் அலைக்கோடு இருந்தால் அது உத்தேசக் கணக்கு. அதை வைத்துக்கொண்டு ‘நூறு ஆர்டரைக் காணோம்’ என்று பதற வேண்டாம், எண்ணும் கட்டளையைத் தனியாகக் கொடுங்கள். எண்ணிக்கை பொருந்தினாலும் விடாமல் மிகப் பழைய ஆர்டர் ஒன்று, நேற்றைய ஆர்டர் ஒன்று, நீளமான பெயருள்ள புத்தகம் ஒன்று எடுத்துக் கண்ணால் படியுங்கள். டேபிளோடு சேர்ந்து தானாக வராத சில உண்டு. டேட்டாபேஸுக்குள் எழுதிவைத்த செயல்முறைகள், நேரம் குறித்து ஓடும் வேலைகள் ஆகியவற்றை டம்பில் தனியாகக் கேட்டால்தான் தரும்.

இந்த ஒத்திகையைப் பழைய தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். தப்பானால் அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம், வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும் இரவுக்கு அது வேண்டும்.

இரண்டாவது ஆபத்து ஆர்டர் எண். தளத்தின் பெயரைப் புது சர்வருக்குத் திருப்பிவிட்டாலும், பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் இணைப்புகள் கொஞ்ச நேரம் பழைய இடத்துக்கே ஆட்களை அனுப்பும். பழைய சர்வரில் 8412 என்ற ஆர்டர் மதுரைக்காரர் பெயரில் விழுகிறது. அதே நேரம் புதியதில் 8412 கோயம்புத்தூர்க்காரர் பெயரில் விழுகிறது. இருவரிடமும் பணம் வாங்கியாயிற்று. இரண்டையும் ஒரே டேபிளில் சேர்க்க முடியாமல் நீங்கள் விழிப்பீர்கள். இதற்கு வழி, மாற்றும் இரவில் பழைய கடையைப் பூட்டுவது. இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில், பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் டிடிஎல் அளவை 300 நொடிக்குக் குறைத்துவையுங்கள். அன்று இரவு ‘பராமரிப்புப் பணி, காலையில் வாருங்கள்’ என்ற பக்கத்தைப் பழைய சர்வரில் மாட்டிவிட்டு, கடைசி டம்ப் எடுத்து ஏற்றி, எண்ணிப் பார்த்து, அதன் பிறகே பெயரைத் திருப்புங்கள். அந்தப் பராமரிப்புப் பக்கம் பழையதில் அப்படியே இருக்கட்டும். ஒரு நிமிடம்கூட மூடாமல், இரண்டு சர்வரையும் உடனுக்குடன் ஒத்துவைக்கும் ரெப்ளிகேஷன் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வங்கிக்கு அது தேவை. புத்தகக் கடை இரவில் இரண்டு மணி நேரம் மூடியிருந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும்: பூட்டுவதற்குச் சற்று முன் பணம் கட்டியவரின் தகவல் பேமென்ட் கேட்வேயிலிருந்து பூட்டிய பிறகு வந்து சேரலாம். மறுநாள் காலை கேட்வேயின் பட்டியலையும் உங்கள் ஆர்டர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.

அட்டைப்படங்களை ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு இரண்டு தடவை நகலெடுங்கள். ஒத்திகையில் ஒன்று, கடைசி இரவில் ஒன்று. இரண்டாவது தடவை புதிதாக வந்த படங்கள் மட்டும் போகும் என்பதால் விரைவில் முடியும். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தால், நடுவில் பழைய மேக் கணினி வழியாகக் கொண்டுபோகாதீர்கள். அது ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை எகரக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், சர்வருக்கு வேறு பெயர். ‘கொற்கை’ புத்தகத்தின் அட்டை மட்டும் வராது, ‘கீழடி’ வரும். காரணம் புரியாமல் மண்டை காயும்.

புது சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்துக்கு மாற்றாவிட்டால் அதிகாலை இரண்டு மணி ஆர்டர் முந்தின நாள் இரவு எட்டரைக்கு விழும்.

கையோடு கையாகத் தளத்தையும் புதுசாக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்கள் அனைவரையும் ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. டேட்டா ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பு தாங்கவில்லை; ஒரு கட்டத்தில் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். 2022-இல் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விழுந்தது. நீங்கள் பழைய நிரலை, கூடுமானவரை பழைய பிஎச்பி பதிப்போடு, அப்படியே கொண்டுபோய் ஓடவையுங்கள். மைஎஸ்கியூஎல் மட்டும் புதிதாகத்தான் கிடைக்கும் என்றால், தேதி இல்லாத இடத்தில் பூச்சியங்களை நிரப்பிய பழைய வரிசைகளை அது ஏற்க மறுக்கக்கூடும். ஒத்திகையிலேயே இது தெரிந்துவிடும். அழகுபடுத்தும் வேலை புத்தகக் காட்சி முடிந்து பிப்ரவரியில் ஆகட்டும்.

பழைய சர்வரை மறுநாளே ஒப்படைத்துவிடாதீர்கள். ஹோஸ்டிங்காரரிடம் பேசி, இன்னும் ஒரு மாத வாடகை கட்டியாவது வைத்திருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் எடுக்கும் விற்பனைக் கணக்கு, ராயல்டி கணக்கு போன்றவை புதியதில் ஒருமுறை ஓடி, தொகை சரியாக வந்த பிறகு விடலாம். விடும்போது, இத்தனை நாள் ஒத்திகைக்காக லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் எடுத்துவைத்த டம்ப் கோப்புகளையும் அழித்துவிடுங்கள். அவற்றில் இருப்பது உங்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும்.