ஆரஞ்சு டெலஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சானுக்கு, 1970களில் வந்த ஆரஞ்சு நிற செலஸ்ட்ரான் சி8 டெலஸ்கோப் ஒன்று ஐபீஸ்களோடு மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக. 8 அங்குல விட்டம், 2,000 மி.மீ. குவியத் தூரம்; சனியின் வளையம் பளிச்சென்று தெரியும். ஆனால், முதலில் மச்சானிடம் ஒரு டார்ச்சைக் கொடுங்கள். முன்பக்கக் கண்ணாடியில் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்கட்டும். தூசி தெரிந்தால் கவலையில்லை. சிலந்தி வலை போல இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை; கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்திருக்கலாம். முன்கண்ணாடி மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். அதையும் உள்ளிருக்கும் ஆடிகளையும் ஒன்றுக்கொன்று பொருத்தித்தான் தயாரித்தார்கள். ஜோடி மாறினால் பிம்பம் கெடும்.

ஐபீஸின் குழாயை அளக்கச் சொல்லுங்கள். 1.25 அங்குலம் என்றால் இன்றைய கருவிகளிலும் பொருந்தும், பழைய 0.965 அங்குலத்துக்காகக் கூடுதல் காசு தர வேண்டாம்.

முக்கியமான விஷயம், நட்சத்திரத்தைப் பின்தொடர டெலஸ்கோப்பைத் திருப்பும் மோட்டார். அது அமெரிக்காவின் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. வோல்டேஜை மட்டும் குறைத்தால் போதாது. நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், நட்சத்திரம் நழுவிவிடும். 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டர் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.