அடைமழைக்கு முன் மாடியைப் பாருங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். புயல்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வரும். மண்டகப்பட்டிலும் செஞ்சி வட்டாரத்திலும் மாடியில் சோலார் போட்டவர்களுக்குக் கையில் இருப்பது சில வாரங்கள்தான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அதை மனதில் வைத்து ஏற்பாடு செய்யுங்கள்.

முதலில் நட்டு போல்ட். மண்டகப்பட்டுக் குடைவரையைக் குடைவித்த மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அதை எடுப்பித்ததாகக் கல்லிலேயே பொறித்துவைத்தான். நம் மாடிச் சட்டமோ முழுக்க இரும்பையும் சிமெண்டையும் நம்பி நிற்கிறது. புயல்காற்று பேனலுக்கு அடியில் புகுந்து மேல்நோக்கித் தூக்கும். ஆகவே கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, சட்டக் காலடியில் துரு ஏறியிருக்கிறதா, சிமெண்ட் கட்டை வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொங்கும் ஒயர்களைக் கட்டச் சொல்லுங்கள். எர்த், இடிதாங்கி இணைப்புகளையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள்.

அடுத்தது நிழல். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனியில் நண்பகல் சூரியன் நம் ஊருக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். அதனால் இதுவரை தொந்தரவு தராத தெற்குப் பக்கத்து முருங்கையும் தண்ணீர்த் தொட்டியும் ஐப்பசி முதல் தை வரை பேனல்மேல் நிழல் போடும். ஒரு மூலையில் விழும் நிழல்கூட அந்த வரிசையின் உற்பத்தியைக் குறைக்கும். கிளையை இப்போதே கழியுங்கள். காய்ந்த தென்னை மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். காற்றில் பறந்து கண்ணாடியை உடைப்பவை அவைதான்.

தூசியை மழை கழுவும். காய்ந்த பறவை எச்சத்தைக் கழுவாது. வெயில் ஏறுமுன், மென்மையான துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், வெள்ளைப் படிவு விடும். சோப்புத்தூளும் வேண்டாம்.

மின்வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். அது கோளாறு அல்ல. அறுந்த கம்பியைச் சரிசெய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு. எனவே புயல் நாட்களுக்கு டார்ச்சும், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கும், மேல்தொட்டியில் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டிய வீடுகளில் பேட்டரியோடு உள்ள சின்னப் பேனல் விளக்கு அப்போதும் எரியும். அதன் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும், மழை தொடங்குமுன் ஏசி சுவிட்சையும் பிறகு டிசி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். ஆனாலும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் ஒயரில் மின்னழுத்தம் இருக்கும். உடைந்த பேனலையோ நனைந்த ஒயரையோ யாரும் தொடக் கூடாது. தண்ணீர் புகுந்த இன்வெர்ட்டரைக் காயவைத்து நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள். பேனல்களை இன்றே போட்டோ எடுத்துவைத்தால், சேதம் நேர்ந்தால் காப்பீடு கேட்க உதவும்.

மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியத்துடன் போட்டவர்களுக்கு, நிறுவியவரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மழை தொடங்கிவிட்டால் ஆள் கிடைப்பது கடினம். இந்த வாரமே கூப்பிடுங்கள்.