சராசரி மாற்று வீதம்

ஒரு சார்பின் சராசரி மாற்று வீதத்தைக் காண்க என்று வினவினால், மாணவர் பலர் இறுதிப் பெறுமானத்தையே எடுத்து ஆண்டுகளின் தொகையாற் பிரித்துவிடுகின்றனர். பிரிக்க வேண்டியது பெறுமானத்தையன்று. இரு பெறுமானங்களின் வித்தியாசத்தை. அதனை, அம்மாற்றம் நிகழ்ந்த ஆயிடையின் நீளத்தாற் பிரித்தல் வேண்டும். விதி இவ்வளவே. ஆயினும் இச்சிறு கணக்கிலே வழுக்குமிடங்கள் சில உள.

இலங்கையின் குடித்தொகையைக் காலத்தின் சார்பாகக் கொள்வோம். 1946 மார்ச் மாதக் குடிசனமதிப்பின்படி அது 6,657,339. 1953 மார்ச்சில் 8,097,895. வித்தியாசம் 1,440,556, ஆயிடை ஏழாண்டு. எனவே ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 206,000 பேர் கூடினர். அடுத்த மதிப்பு 1963 யூலையில் நடந்தது, தொகை 10,582,064. 1963 இலிருந்து 1953 ஐக் கழித்துப் பத்து என்று எழுதிவிடுதல் நம் மாணவர் வழக்கம். மார்ச்சுக்கும் யூலைக்கும் இடைப்பட்ட மாதங்களை யார் கணக்கிற் சேர்ப்பது? ஆயிடை ஏறத்தாழ 10.3 ஆண்டு; வீதம் 241,000 அளவாகும். பத்தாற் பிரித்தோர் 248,000 என்பர்.

இனி, 1946 முதல் 1963 வரை முழுவதற்கும் வீதம் யாது? முன்னர்க் கண்ட இரு வீதங்களையும் கூட்டிப் பாதியாக்கி 223,500 என்று விடை தருவோர் வகுப்புத்தோறும் உளர். ஏழாண்டும் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலமும் ஒரே நிறையுடையன ஆகா. முழு வித்தியாசமாகிய 3,924,725 ஐ 17.3 ஆற் பிரிப்பின் ஏறத்தாழ 227,000 வரும். வீதங்களின் சராசரி வேறு. சராசரி வீதம் வேறு. இவ்வொரு வரியை யாம் கரும்பலகையில் எழுதிய தடவைகளுக்குக் கணக்கில்லை.

வரைபிலே இரு புள்ளிகளை இணைக்கும் நாணின் படித்திறனே இவ்வீதம். வளையி இடையில் எவ்வாறு சென்றதென்பதை நாண் சொல்லாது. மலேரியாத் தடுப்பு வேலை பரவிய காலத்தில், 1946 இல் ஆயிரவருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 அளவுக்கு இறங்கிற்று. ஏழாண்டுச் சராசரியிலே அவ்வோராண்டின் திருப்பம் தோன்றாது. அதனைக் காண விரும்புவோர் ஆயிடையைக் குறுக்குதல் வேண்டும். குறுக்கக் குறுக்க நாண் தொடலியை அணுகும். வகையீடு தொடங்குவது அவ்விடத்தேயாம்.

வீட்டிற் செய்தற்கு ஒன்று: ஓரெண்ணின் வர்க்கத்தைச் சார்பாகக் கொண்டு, −3 முதல் 3 வரை அதன் சராசரி மாற்று வீதத்தைக் காண்க. விடை பூச்சியம் வரும். அதுகொண்டு, சார்பு மாறவேயில்லை என்று எழுதிவிடற்க.