சிறுநீர்க் குழாயை அகற்றும் நாள்

வயது முதிர்ந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் அடைபடுவது கிராமங்களில் அடிக்கடி காணப்படுவதாகும். மருத்துவர் குழாய் பொருத்திச் சிறுநீரை வடித்து, மருந்து கொடுத்து, குழாயை அகற்றக் குறித்த நாளில் வருமாறு கூறி வீட்டிற்கு அனுப்புகிறார். அந்நாளை முன்கூட்டியே திட்டமிடுதல் இன்றியமையாதது.

எமது வட்டாரத்தில் முதியவர் ஒருவருக்கு மாலையில் குழாய் எடுக்கப்பட்டது. கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், சிறுநீர் கழியுமுன்னரே அவர் ஊர் திரும்பினார். நள்ளிரவில் அடிவயிறு கல்லாய் இறுகிற்று, விடியும்வரை துடித்தார். குழாயை எடுத்த முறையில் பிழையில்லை. எடுத்த நேரமே பிழை.

குழாய் உள்ளிருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி புகும் வாய்ப்பு கூடுகிறது. ஆதலின் நடவு, அறுவடை என்று நாளைத் தள்ளலாகாது. தாமே பிடுங்குவதோ பெருந்தீங்கு. குழாயின் உள்முனையில் நீர் நிரப்பிய சிறு பலூன் உண்டு. பெரும்பாலும் அதில் 10 மில்லி லிட்டர் நீர் இருக்கும். செவிலியர் அந்நீரை ஸிரிஞ்சினால் வாங்கிய பின்னரே குழாய் எளிதில் வரும். பலூனோடு இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்து குருதி பெருகும்.

நோயாளர் கைக்கொள்ள வேண்டியவை:

1. காலையிலேயே மருத்துவமனை சேர்க. தொல்லை நேரிடினும் பகலிலேயே தெரிந்துவிடும்.

2. முந்திய நாட்களில் மலச்சிக்கல் இராது பார்த்துக்கொள்க. அதுவும் சிறுநீரைத் தடுக்கும்.

3. குழாய் எடுத்தபின் வழக்கம்போல் நீர் பருகுக. ஒரே மூச்சில் மிகுதியாகக் குடித்தல் வேண்டா.

4. தாராளமாகச் சிறுநீர் கழித்து, மருத்துவர் விடை கொடுத்த பின்னரே ஊர் திரும்புக.

முதல் ஓரிரு நாள் சிறிது எரிச்சல் இருப்பது இயல்பு. ஆனால் 4 முதல் 6 மணி நேரமாகியும் சிறுநீர் வராமை, சொட்டுச் சொட்டாக மட்டும் வருதல், அடிவயிற்று வீக்கம், குளிர்காய்ச்சல், இரத்தக்கட்டி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புதல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் பெருந்துணை புரியலாம். குழாயுடன் ஊர் திரும்பியவர் எவர், அதனை அகற்றும் நாள் எது என்பதைக் கிராமச் செவிலியரோடு கலந்து அறிந்துகொள்க. தனித்து வாழும் முதியவருக்குக் காலை வண்டியும் துணையாக ஓர் ஆளும் ஏற்பாடு செய்க. இரவில் அவசரம் நேரின் 108 வண்டியை அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டாருக்கு உணர்த்துக. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, முன்யோசனையே போதும்.