அந்தமான் விடுதியில் அறை எடுக்கும் முன்

அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை கொட்டியும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர்த் தட்டுப்பாடுதான். ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) பெரிதும் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. மின்சாரத்தின் பெரும்பகுதியோ கப்பலில் வரும் டீசலில் பிறக்கிறது. ஆகவே அறை பதியும்போதே மழைநீர்த் தொட்டி, சூரிய வெந்நீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மூன்றும் உண்டா என்று கேளுங்கள். மூங்கில் கூரையை மட்டும் பார்த்துப் பசுமை விடுதி என்று ஏமாற வேண்டாம். துண்டையும் விரிப்பையும் தினமும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "காசும் கொடுத்துவிட்டுச் சிக்கனமா? மிச்சம் முதலாளிக்குத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். லாபம் அவருக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோடையில் விடுதி வீணாக்கும் தண்ணீர் உள்ளூர்க் குடத்தில்தான் குறையும். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள். காலி பாட்டிலை விடுதிக் குடிநீரால் நிரப்பிக்கொள்ளுங்கள்.