உடல்நலக் குறைவு பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள்

மாணவர்களே, ஆங்கில வினாத்தாளின் வாசிப்புப் பகுதியில் மரபுத்தொடர் ஒன்று வந்தாற் பலர் சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டு புள்ளியை இழக்கின்றனர். 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவச் சொற்களுக்குத் தமிழில் ஈடு தேடினார். கலைச்சொல்லுக்கு அது பொருந்தும். மரபுத்தொடரிலோ நாம் பார்க்க வேண்டியது நோய் எவ்வளவு கடுமை என்பதையே. கீழே ஒலிப்பை மட்டும் தமிழெழுத்திற் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது உங்கள் பொறுப்பு.

"அண்டர் த வெதர்" என்பதைக் 'காலநிலைக்குக் கீழே' என்று எழுதியவர்களும் உளர். நாம் "கொஞ்சம் சுகமில்லை" என்போமே, அவ்வளவுதான். தடிமன், தலையிடி, இலேசான காய்ச்சல். "ஓஃப் கலர்" என்பதும் ஏறத்தாழ இதுவே. "றன் டவுன்" நோயன்று. நித்திரை முழித்து, நேரத்துக்குச் சாப்பிடாமல் உடம்பு களைத்துப்போவது. பரீட்சை மாதத்தில் இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"கோ டவுன்ஹில்" என்றால் படிப்படியாக நலிதல். மலையென்றால் கீரிமலை என்ற பெயரை மட்டும் அறிந்த நமக்குச் சரிவிலே இறங்குவதைக் கற்பனை செய்வது சற்றுச் சிரமந்தான்! இறந்தகாலத்தில் "வென்ட் டவுன்ஹில்" என மாறும்.

"ஒன் ஹிஸ் லாஸ்ட் லெக்ஸ்" முடிவை நெருங்கிய நிலை. ஆளுக்கும் வரும், பழைய சைக்கிளுக்கும் வரும். பெண்ணாயின் 'ஹேர்', பொருளாயின் 'இற்ஸ்' என மாற்றுக. 'லெக்ஸ்' எப்போதும் பன்மையே.

"அட் டெத்ஸ் டோர்" என்பதிற்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். இது சாகக் கிடத்தல்; செத்துப்போதல் அன்று. "ஷீ வோஸ் அட் டெத்ஸ் டோர்" என்று வந்தால், அவர் பின்னர் பிழைத்தாரா என்பதை அடுத்த வசனத்திற் தேடுங்கள். அங்கே "அஸ் றைட் அஸ் றெயின்" என்றிருந்தால் பூரண சுகம். மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"கிக் த பக்கெற்" இறத்தலைக் குறிக்கும். ஆனால் நம் பேச்சில் "மண்டையைப் போட்டான்" என்பது போன்றது. நண்பனின் அப்பா இறந்ததற்கு ஒரு மாணவன் எழுதிய அனுதாபக் கடிதத்தில் இதைக் கண்டு திடுக்கிட்டேன். இலக்கணம் சரியாக இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தைச் செத்தவீட்டுக்கு அனுப்ப முடியாது. அங்கே "பாஸ்ட் அவே" என்றே எழுதுக. நாம் "காலமானார்" என்பதில்லையா?

அதிபருக்கு எழுதும் கடிதத்திலும் "அண்டர் த வெதர்" வேண்டாம். காய்ச்சல் என்று நேராகச் சொல்லுங்கள்.

பயிற்சி: மூன்று நாள் காய்ச்சலாற் பாடசாலைக்குச் செல்லாததை (அ) நண்பருக்கு, (ஆ) அதிபருக்கு எனத் தனித்தனியே ஆங்கிலத்தில் எழுதுக. மரபுத்தொடர் ஒன்றை எந்தக் கடிதத்திற் சேர்ப்பீர்கள்?