ஓரிடவாழ் செடி குறைஞ்சா காடு ஃபெயிலா?

இ.சி.ஆரில் மாமல்லபுரம் பக்கம் போகும்போது முள்ளும் புதருமா சில திட்டுகள் கண்ணில் படும். 'சும்மா கிடக்கிற நிலம்'னு நினைச்சிருப்பீங்க. அதைக் காப்பாத்தணுமா, பிளாட் போட விடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே பகுதியில் மட்டும் இயற்கையா வளரும் செடியை ஓரிடவாழ் தாவரம்னு சொல்றாங்க. திருமலை, சேஷாசலம் மலைகளின் சைக்கஸ் பெடோமி அப்படி ஒண்ணு. அங்கே அழிஞ்சா காட்டில் அதுக்கு பேக்கப் கிடையாது. பாதுகாப்புக்குக் காசு குறைவு என்பதால் இந்த வகைச் செடிகளை வைத்தே இடங்களை வரிசைப்படுத்தும் முறை வந்தது. 2000-ல் நார்மன் மையர்ஸ் குழு குறித்த 25 இடங்களும் இப்படித்தான்: குறைந்தது 1,500 ஓரிடவாழ் தாவரங்கள் இருக்கணும், 70 சதவீத இயற்கைத் தாவரப் போர்வை அழிஞ்சிருக்கணும். மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கையோடு சேர்ந்து அதில் ஒண்ணு.

இன்னும் நுணுக்கமாப் பார்க்க, வரைபடத்தைக் கட்டங்களாப் பிரிப்பாங்க. ஒரு செடி ஒரே கட்டத்தில் இருந்தா அதன் எடை 1. நூறு கட்டத்தில் இருந்தா 0.01. கட்டத்தில் உள்ள எல்லாச் செடிகளின் எடையையும் கூட்டினா அதுதான் மார்க்.

இதில் செங்கல்பட்டுக் கரை வாங்குறது சொற்பம். உலக்கைப்பாலை, வீரை, காயா எல்லாம் வேறு இடங்களிலும் உண்டு. மணலில் படரும் அடும்பு வெப்பமண்டலக் கரை பூராவும் இருக்கு.

ஆனா இங்கே நாம எண்ணினது தனித்தனிச் செடியை. அவை சேர்ந்து அமைக்கிற காட்டை எண்ணுங்க. மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும். அப்புறம் மாசக்கணக்கில் வறட்சி. இலை உதிர்க்க வேண்டிய சூழலில், தடிச்ச இலையோடு வருஷம் முழுக்கப் பச்சையா நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு இது. 1968-ல் சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் இதுக்குத் தனிப் பிரிவே உண்டு. இந்தியாவில் இதன் இடம் சோழமண்டலக் கரை. மிச்சம் இருப்பதோ கோயில் காடுகளும் சில காப்புக்காட்டுத் துண்டுகளும்தான். காட்டு வகைக்கு எடை போட்டா நம்ம கட்டம் சட்டுனு மேலே ஏறிடும்.

அல்காரிதம் கிளாஸில் படிச்ச செட் கவர் இங்கே உதவும். 'அ' காட்டில் ஐந்து அரிய செடி, 'ஆ'-வில் அதே ஐந்தில் நாலு, 'இ'-யில் வேற இரண்டுன்னு வைங்க. மார்க் வரிசைப்படி போனா அ, ஆ. ஏழு செடியும் வேணும்னா அ, இ. என் ஓட்டு இரண்டாவதுக்கு. முதல் முறையை மட்டும் நம்பினா மூணாவது ரேங்க் துண்டு விட்டுப்போயிடும்.

கட்டத்தை நிரப்பத் தரவு வேணும். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில் நீங்களும் படம் ஏத்தலாம். இலையின் இரண்டு பக்கமும், பூ, காய், பட்டையும் எடுங்க. நட்டதா, தானா முளைச்சதான்னும் எழுதுங்க. சவுக்குத் தோப்பைக் காடுன்னு போட்டா கணக்கே கெட்டுடும்.